பள்ளிக்கூடம் அனுப்பாத அப்பா

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தேன், பெங்களூரிலிருந்து மகள் போன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேத்திதான் முதலில் பேசுவாள். அன்று மகளே பேசினாள். "அப்பா, பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டோம். இனிமே வீட்டுலயே நான்தான் சொல்லிக் கொடுக்கப் போறேன்" என்றாள்.

நான் முப்பத்தி நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன். ஜூன் மாதம் வந்தால் தெருத் தெருவாகப் போய், "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று கும்பிட்டுக் கேட்டவன். நாற்று நடப் போன பெண்பிள்ளையை வரப்பில் நின்று கூப்பிட்டு வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் மகள் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? "எந்தப் பிள்ளைதான் பள்ளிக்கூடம் போக அழாது? நீ அழவில்லையா?" என்று கத்திவிட்டேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. போனை மருமகனிடம் கொடுத்துவிட்டாள்.

மருமகன் பொறுமைசாலி. விவரம் சொன்னார். பேத்திக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஞாயிறு சாயங்காலமே வயிற்றுவலி வந்துவிடுகிறதாம். திங்கள் காலை வாந்தி. டாக்டரிடம் காட்டினால் வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார். விசாரித்ததில், எழுதி முடிக்காத பிள்ளைகளின் பெயரை வகுப்புச் சுவரில் பட்டியல் போட்டு ஒட்டி வைக்கிறார்களாம். பேத்தியின் பெயர் ஜூன் மாதம் ஏறியது, இறங்கவே இல்லை.

அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. மகளை மறுபடி கூப்பிட்டு, என் கையிலிருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தேன். "காந்தியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூத்த பிள்ளை ஹரிலால் என்ன ஆனான் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுப்பா. சொல்லுங்க" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தால், எனக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி அளவுதான் என்று புரிந்தது. வருடா வருடம் வகுப்பில் சொன்ன கதை, சொல்லிச் சொல்லித் தேய்ந்து போயிருந்தது. அன்று ராத்திரி பரணிலிருந்து 'சத்திய சோதனை'யை இறக்கினேன். அட்டை போய்விட்டது, எழுத்து இருக்கிறது. அதையும் வேறு சில புத்தகங்களையும் பத்து நாள் படித்தேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற பலருக்கும் பேரன் பேத்திகள் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

1897 ஜனவரியில் காந்தி குடும்பத்தோடு டர்பனில் கப்பலை விட்டு இறங்குகிறார். இறங்கிய அன்று வெள்ளைக்காரக் கூட்டம் அவரைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்தது நாம் படித்ததுதான். அந்தக் கூட்டம் கலைந்த பிறகு வீட்டில் என்ன பிரச்சினை என்பதை நாம் படிக்கவில்லை. கூட வந்த பிள்ளைகள் மூன்று பேர். அக்கா மகனுக்குப் பத்து வயது, ஹரிலாலுக்கு எட்டொன்பது, மணிலாலுக்கு நாலைந்து. இவர்களை எங்கே படிக்க வைப்பது?

ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிகள் இருந்தன. இந்தியப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பாரிஸ்டர் காந்தியின் பிள்ளைகள் என்றால் மட்டும் சலுகையாகச் சேர்த்துக்கொள்வார்கள். காந்திக்கு அது வேண்டாம். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குத் திறக்காத கதவு என் பிள்ளைக்கு மட்டும் ஏன் திறக்க வேண்டும் என்று நினைத்தார். இந்தியர்களுக்காகக் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் இருந்தன. அங்கே கொடுத்த படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தாய்மொழியான குஜராத்திக்கு அங்கே வழியும் இல்லை. குஜராத்தி வாத்தியாரைத் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கிலேய அம்மாளை வைத்தார். தான் மட்டும் பிள்ளைகளிடம் குஜராத்தியிலேயே பேசினார். இடையில் ஹரிலாலையும் அக்கா மகனையும் இந்தியாவில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பி, சில மாதத்திலேயே திரும்ப அழைத்துக்கொண்டார். சிறுபிள்ளைகள் தாய் தகப்பனோடு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் காரணங்களை மகள் சொன்ன காரணங்களோடு வைத்துப் பார்த்தேன். பள்ளியில் நடக்கிற அவமானம், பள்ளி கொடுக்கிற படிப்பில் நம்பிக்கையின்மை, பிள்ளை கண்முன் இருக்க வேண்டும் என்ற ஆசை. ஏறக்குறைய நூற்று முப்பது வருடம் கழித்தும் பெற்றோர் சொல்கிற காரணம் பெரிதாக மாறவில்லை. ஒன்று மட்டும் தலைகீழ். காந்திக்கு மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காதது தன் பிள்ளைக்கு வேண்டாம். இன்றைக்கு வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற பலர், மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காததைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புகிறார்கள். இதை மகளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

நம் மாயவரத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு ஞாபகமும் வரவேண்டும். இங்கே முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வாத்தியார் வீட்டுக்கே வருவார். முதலாளி வீட்டுப் பிள்ளையை அடிக்க முடியாது. அவன் செய்த தப்புக்கு அடி வாங்குவது வாத்தியார் மகன். வீட்டுப் படிப்பில் யார் முதுகு வீங்கும் என்பதை முன்சீப் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்.

காந்தி கதைக்கு வருகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தபோது வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போவார். போகவர ஐந்து மைல். பிள்ளைகளையும் கூட்டிப்போய், நடந்துகொண்டே பாடம் சொல்வார். அதுதான் வகுப்பு. வேறு ஆள் குறுக்கே வந்துவிட்டாலோ கட்சிக்காரர் வந்துவிட்டாலோ அன்று அதுவும் போச்சு. ஒழுங்காக தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் நல்ல படிப்பைக் கொடுத்திருப்பேன் என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடவே, அவர்கள் எளிமையையும் சுயமரியாதையையும் கற்றார்கள், அது ஏட்டுப் படிப்பைவிடப் பெரிது என்றும் வாதாடுகிறார். அந்தப் பக்கங்களை இப்போது வாத்தியார் கண்ணோடு படிக்கும்போது, தன்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, தானே வக்கீலாகவும் நிற்கிற மனிதராகத் தெரிகிறார்.

1910-ல் நண்பர் காலன்பாக் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, சிறை போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்கக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே இருபது முப்பது பிள்ளைகள். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லோரும் கலந்து இருந்தார்கள். வேலைக்காரர் கிடையாது. காலையில் குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, தண்ணீர் சுமப்பது, செருப்புத் தைப்பது. மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம். காந்தியும் காலன்பாக்கும்தான் வாத்தியார்கள். இரண்டு பேரும் தூங்கி விழுவார்கள், பிள்ளைகளும் தூங்கி விழுவார்கள். கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு பாடம் நடத்துவார்களாம். மத்தியானம் இரண்டாவது பீரியடில் அசோகரை நடத்திய எனக்கு இது புதிதல்ல.

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்தப் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து சுத்தமாகத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் ஆரம்ப இலக்கணமும் சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? காந்திதான்! கப்பலிலும் சிறையிலும் போப் ஐயரின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு கற்ற தமிழ், அவ்வளவுதான் அவர் கைமுதல். அந்த போப் ஐயர் நம் தஞ்சாவூரில் இருந்தவர். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது பார்க்க வந்தால், பிள்ளைகள்தான் வாத்தியாருக்கு மொழிபெயர்ப்பாளர். தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாததால்தான் அவர்கள் அன்பு கடைசி வரை குறையவில்லை என்கிறார்.

நம் தில்லையாடி வள்ளியம்மையும் அதே மாதிரி ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண்தான். சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் போய்விட்டாள். வயது பதினாறு. மறுவருடம் காந்தி தில்லையாடிக்கு வந்தார். இன்று இல்லாத தரங்கம்பாடி ரயிலில் போகும்போதெல்லாம் என் தாத்தா அந்தக் கதையைச் சொல்வார்.

இனி ஹரிலால். அப்பாவின் போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறை போனவன். 'சின்ன காந்தி' என்று ஜனங்கள் கூப்பிட்டார்கள். அவன் ஆசைப்பட்டது படிப்புக்கு. ரங்கூனில் இருந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, காந்தியின் பிள்ளை ஒருவனை லண்டனில் படிக்க வைக்க முன்வந்தார். காந்தி அந்த வாய்ப்பை உறவுப் பிள்ளை சகன்லாலுக்குக் கொடுத்தார். அவர் உடம்பு சரியில்லாமல் திரும்பியபின் சோராப்ஜி என்ற பார்சி இளைஞருக்குக் கொடுத்தார். தன் பிள்ளைக்குச் சலுகை கூடாது, அதே பழைய நியாயம்தான். மேடையில் சொன்னால் கைதட்டலாம். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு எப்படி இருந்திருக்கும்?

1911-ல் ஹரிலால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பினான். கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். இரவெல்லாம் அப்பாவும் பிள்ளையும் பேசினார்கள். மறுபடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அகமதாபாத்தில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். வயது இருபத்து மூன்று. கல்யாணமாகிப் பிள்ளையும் இருந்தது. சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தும் மெட்ரிகுலேஷன் தேற முடியவில்லை. 1915-ல் அப்பாவுக்கு நீண்ட கடிதம் எழுதி அச்சடித்தான். எங்கள் படிப்பைக் கெடுத்தீர்கள், எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை என்பதுதான் சாரம். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குடி, கடன், அலைச்சல். அப்பா சுடப்பட்ட அதே 1948-ல், ஜூனில், பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் முடிந்தது.

இங்கேயே நிறுத்தினால் என் ஆயுதம் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற மூன்று பிள்ளைகளும் அதே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே. மணிலால் தென்னாப்பிரிக்காவிலேயே இருந்து 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை 1956-ல் இறக்கும் வரை நடத்தினார். கடைக்குட்டி தேவதாஸ் 1918-ல் சென்னைக்கு வந்து இந்தி வகுப்பு ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படிக்காத பதினெட்டு வயதுப் பையன், தென்னாட்டின் முதல் இந்திப் பிரசாரகர். பிறகு 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியரானார். 1933-ல் ராஜாஜியின் மகள் லட்சுமியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பினார். அவர்களில் ஒருவரான ராமச்சந்திர காந்தி ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து என் அக்காவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு எண்பது வயது. அத்திம்பேர் போனபின் எங்களோடுதான் இருக்கிறாள். ராஜாஜி பெயர் வந்ததும், "அந்த மூணு மணி நேரப் பள்ளிக்கூடத்துக்கு நான் போயிருக்கேண்டா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1953 ஜூனில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திட்டம். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் தினம் மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற பள்ளி, இருக்கிற வாத்தியாரைக் கொண்டே இன்னொரு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவர் கணக்கு. பெரியாரும் மற்றவர்களும் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவியை விட்டார், காமராஜர் வந்தார், திட்டம் போனது. இதை நூறு தடவை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அக்கா அதில் படித்தவள் என்பது எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு மூன்று வயது.

"மிச்ச நேரம் என்ன தொழில் கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"பாத்திரம் தேய்ச்சேன். உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க கிளாஸ்ல பண்ணையாள் வீட்டுப் பையன் ஒருத்தன் இருந்தான். கணக்குல புலி. அவன் மாடு மேய்க்கப் போனான். ஐயர் வீட்டுப் பையனுக்கு அவங்க அப்பா திண்ணையில உக்காத்தி வச்சு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். மூணு பேருக்கும் வீட்டுப் பாடம்தான்" என்றாள்.

எட்டு வயதில் அவள் பார்த்ததை முப்பத்தி நாலு வருடம் நடத்தியும் நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அக்கா ஆறாவதோடு நின்றாள். பெரியவளானதும், "வீட்டிலேயே படிக்கட்டும், நான் சொல்லிக் கொடுக்கிறேன்" என்று அப்பா நிறுத்திவிட்டார். அப்பா மாயவரத்தில் நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. காலை ரயிலுக்குப் போனால் ராத்திரிதான் வருவார். முதல் மாதம் சிலேட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அறுவடை வந்தது, மண்டியில் வேலை கூடியது. அதற்கப்புறம் சிலேட்டு பரணுக்குப் போயிற்று. அக்கா என் புத்தகங்களைப் படித்தாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை எனக்குப் பாடம் ஒப்பிக்கக் கேட்டது அவள்தான். நான் மார்க் ஷீட்டோடு வந்த அன்று பாயசம் வைத்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்டேன். "நான்தானே உனக்கு வாத்தியார், எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ராத்திரி கொஞ்சம் அழுதேன்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து மகளுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் இதற்குள் 'சத்திய சோதனை'யை வாங்கிப் படித்திருந்தாள். "அப்பா, காந்தி செஞ்ச தப்பு பள்ளிக்கூடம் அனுப்பாதது இல்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காதது. நான் வேலையை அரை நாளாக்கிக்கிட்டேன். மத்தியானம் முழுக்க அவளோடதான்" என்றாள்.

பாதி சரி என்றேன். மீதிப் பாதி, ஹரிலால் கேட்டான் என்பது. படிக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டான். அப்பாவின் கொள்கை அதைக் காதில் வாங்கவில்லை. அக்கா வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பேத்தி என்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறேன் என்கிறாளோ, அன்றைக்கு மறுபேச்சு இல்லாமல் சேர்க்க வேண்டும். "எந்த ஸ்கூலானாலுமா?" என்றாள். அந்தப் பட்டியல் ஒட்டுகிற பள்ளி வேண்டாம், மற்றதில் எதுவானாலும் என்றேன். ஒப்புக்கொண்டாள். தேதி போட்டு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சில நண்பர்கள் கேட்பார்கள். 2009-ல் வந்து 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. பதினாலு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். மகள் நம்பியிருப்பது அதைத்தான். எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. நாற்று வயலிலிருந்து நான் கூட்டி வந்த பெண் இன்று நர்ஸ். அவள் வீட்டில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்?

பேத்தியின் வயிற்றுவலி நின்று ஆறு மாதமாகிறது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. டால்ஸ்டாய் பண்ணைப் பிள்ளைகள் மாதிரிதான். தினம் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ காலில் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்பு. ஐப்பசியில் ஆரம்பித்தோம். எத்தனை நாள் தவறியது என்று டைரியில் குறிக்கிறேன். நேற்றோடு பதினொன்று. பென்ஷன் ஆபீஸ், ஒரு கல்யாணம், இரண்டு துக்கம், கரண்ட் இல்லாத நாள் என்று காரணம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காந்திக்கும் காரணம் சரியாகத்தான் இருந்தது. அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் தவறினால் அவளே எடுத்துவிடுவாள்.

போன வாரம் பல்வலி. இரண்டு நாள் வகுப்பு இல்லை. மூன்றாம் நாள் போனை எடுத்ததும் பேத்தி, "தாத்தா, டூ டேஸ் வரலை நீங்க. லீவ் லெட்டர் எங்கே?" என்றாள். கைபேசியில் தட்டி அனுப்பினேன். 'பல்வலி காரனமாக' என்று ஒரு எழுத்து தப்பாக விழுந்துவிட்டது. சிவப்பில் சுழித்து, மேலே மூன்று சுழி 'ண' போட்டு, திருப்பி அனுப்பியிருக்கிறாள். பத்து தடவை எழுதி வரச் சொல்லியிருக்கிறாள்.